லாசர் நின்ற வாசல்

புன்னைத்துறையில் லாசரை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது யாராலும் ஆகாத காரியம். அவருடைய தங்கை மகள் டெல்பினுக்கு இது விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். இருந்தும் அன்று காலை, அளவெடுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு உப்புக் கிட்டங்கியின் பின்சுவருக்கு அவள் வந்து சேர்ந்தபோது, சுவரின் உடைப்புக்குள் மாமா இரண்டு கைகளையும் இரு பக்கமும் ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பாசம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"நகருங்க மாமா. எனக்கு வேலை கெடக்கு."

"பாரு. யாரு வேண்டாம்னா? நான் பாட்டுக்கு நிக்கேன், நீ பாட்டுக்கு எடு."

"உங்களையும் சேத்தா எடுக்க முடியும்?"

"எடேன். ஆளில்லாத ஓட்டையா எடுத்துக் காமிச்சா, சும்மா கெடக்க எடம்தானன்னு அடைச்சிருவானுவ. பக்கத்தூரு பழைய சுங்கச் சாவடில என்ன சொன்னானுவ? ஒங்க ஆளுவ பேரு வெட்டுன கல்லத் தொட மாட்டோம்னு சத்தியம் பண்ணுனானுவ. இப்பம் அதுக்கு மேல ஐஸ்கிரீம் பொட்டி நிக்கி."

கிட்டங்கி, வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு மூட்டை அடுக்குவதற்காகக் கடலோரத்தில் கட்டியது. பவளக்கல் சுவர், சிப்பிச் சுண்ணாம்புக் காரை, கடலைப் பார்த்து ஒரு பெரிய தேக்குக் கதவு. முதுகுப் பக்கம் சுவரை ஒட்டியே செம்மணல் தேரி மேடேறும். லாசர் சிறுவனாக இருந்தபோது வந்த புயலில் ஊரே அந்தக் கிட்டங்கிக்குள் ஒதுங்கியது. கடல் முன்கதவு வழியாகவே உள்ளே வந்தது. போக வேறு வழியில்லாமல் வள்ளத்து நங்கூரத்தால் பின்சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியாகத்தான் ஊர் தேரிமேட்டில் ஏறித் தப்பியது. அன்றிலிருந்து புன்னைத்துறையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும், ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும் முன்பே அந்த உடைப்பின் வழியாக உள்ளிருந்து வெளியே கைமாற்றுவார்கள். அதற்கு வாசல் தாண்டுதல் என்று பெயர். பழைய கட்டடங்களைக் காப்பாற்றவென்றே பிறந்தவர்களின் வரைபடத்தில் மட்டும் அந்த வாசலுக்குச் 'சேதம்' என்று பெயர்.

பல காலம் வௌவாலுக்கு விட்டிருந்த கிட்டங்கியை அரசாங்கம் ஒரு விடுதி நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. டெல்பின் அந்த நிறுவனத்தில் சுண்ணாம்புப் பொறியாளர். ஊர்க்காரி என்பதால்தான் வேலை கொடுத்தார்கள். ஊர்க்காரி என்பதாலேயே அவளை முழுதாக நம்பவும் இல்லை. உடைப்பு உடைப்பாகவே இருக்கும், புயல் வந்தால் ஊர் உள்ளே வரலாம் என்ற இரண்டையும் மேலாளர் கிருபாகரனிடம் மல்லுக்கட்டித்தான் வாங்கியிருந்தாள். அப்படி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவளையும் மாமா நம்பவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"அந்தப் புதுச் சுண்ணாம்பு என்னதான்ட்டி பண்ணும்?" என்று நின்ற இடத்திலிருந்தே கேட்டார் லாசர்.

"அதுக்கு உயிரு இருக்கு மாமா. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. கடல் ஈரத்துல உள்ள சத்த எடுத்துக் கல்லாக்கும். பழைய காரையத் தின்னுட்டு அந்த எடத்துல தான் உக்காந்துக்கிடும். சொவரு எங்க உதிருதோ அங்க தானா வளந்து அடைக்கும்."

"அப்பம் இந்த ஓட்டையயும் அடைச்சிரும்லா?"

"அடைக்காது. இன்னைக்கு இந்த மிஷினு எடுக்க உருவத்தத்தான் அதுக்குப் படிச்சுக் குடுப்போம். அதுக்கு மேல வளராது. அதுக்குக் கொறஞ்சா விடவும் செய்யாது. ஓட்டைன்னு படிச்சுட்டா நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் ஓட்டைதான்."

"படிச்சத மறந்துட்டா?"

"மறக்காது. அது ஒரே ஒரு தடவதான் படிக்கும்."

"மனுஷனுக்கு மேலு" என்றார் லாசர். ஆனால் நகரவில்லை.

டெல்பினும் விட்டுவிட்டாள். இயந்திரம் காலையிலிருந்து மாலைவரை சுவரைத் தடவித் தடவிப் பார்க்கும். அசைவதை எல்லாம் கழித்துவிட்டு, அசையாமல் இருப்பதை மட்டும் சுவர் என்று எடுத்துக்கொள்ளும். எந்த மனிதன் ஒரு முழுப் பகல் அசையாமல் நிற்பான்? துப்புவான், சொறிவான், ஒதுங்கப் போவான். மாமா தானாகவே கழிந்துவிடுவார் என்று நினைத்து இயந்திரத்தை ஓடவிட்டாள்.

லாசர் கரைவலைக்காரர்களுக்கு மீன் பார்த்துச் சொல்கிறவர் என்பதை அவள் மறந்துபோனாள். தேரி உச்சியில் நின்று கடலின் நிறம் மாறுவதைப் பார்த்துக் கொண்டே இருப்பது அவர் தொழில். கண் விலகினால் மீன்கூட்டம் போய்விடும். அதனால் அவர் உடம்பு வேறொருவர் உடம்பு மாதிரி இராது. மதியம் மகன் கிளீட்டஸ் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினான். பிறகு வெயில் மேற்கே சாய்ந்து அப்பா முகத்தில் அடித்தது. அவன் உள்ளே அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் தலைக்கு மேல் குடையை நீட்டிப் பிடித்தான். வார் அறுந்து ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பும், இடுப்பில் மடித்துக் கட்டிய சாரமுமாக அவனும் அப்படியே நின்றான். குடைத்துணி மட்டும்தான் காற்றில் படபடத்தது.

"அப்பனும் மவனும் நல்லாத்தான் நிக்கீங்க" என்று டெல்பின் சிரித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் கிருபாகரன் போனில் கூப்பிட்டார். "மேல மனசு மாறிட்டாங்க டெல்பின். சுவர் முழுசா இருந்தாத்தான் அழகா இருக்கும்ங்கிறாங்க. இன்னைக்கு எடுத்ததைச் சுண்ணாம்புக்கு அனுப்பாதீங்க, நாளைக்குப் பேசிக்கலாம்."

"அனுப்பிட்டேனே சார்" என்றாள் அவள். போனை வைத்த கையோடு அனுப்பினாள். ஒருமுறை திறந்து பார்க்கக்கூட நிற்கவில்லை. மாமாவிடம் ஓடிப்போய், "முடிஞ்சுது மாமா! இனிம ஒருத்தனும் அடைக்க முடியாது" என்றபோது அவளுக்குச் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது. லாசர் ஊன்றிய கைகளை எடுத்துத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "அப்பம் நான் வீட்டுக்குப் போலாம்லா?" என்று கேட்டார்.

சுண்ணாம்பு சொன்னபடி வேலை செய்தது. மழை தின்ற மூலைகள் நிரம்பின, விரிசல்கள் மூடின. கிட்டங்கி தன் வயதைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து நின்றது. மேல்மாடியில் அறைகள் வந்தன, கீழே உணவு விடுதி வந்தது. உப்பு சுமந்து முதுகு வெந்தவர்களின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி அதன்கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் கிளீட்டஸுக்கும் மெர்லினுக்கும் பெண் பிறந்தது. குழந்தையை வாசல் தாண்ட வைக்கக் கொண்டுபோனபோது, உடைப்பின் தரையில் இரண்டு புடைப்புகள் இருந்தன. யாரோ காரையைக் கொட்டிவிட்டார்கள் என்று காலால் தள்ளிப் பார்த்தார்கள். நகரவில்லை. லாசர் குனிந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி டெல்பின், இங்கன வா! என் காலுல்லா இது! இந்தா, தூண்டில் முள்ளு கிழிச்ச வெரலு."

எல்லாரும் சிரித்தார்கள். டெல்பின் மட்டும் சிரிக்கவில்லை. அறைக்கு ஓடிப்போய் அன்று எடுத்த உருவத்தை முதல் தடவையாகத் திறந்து பார்த்தாள். மாமா நின்றிருந்தார். விரித்த கைகள், சாரத்தின் மடிப்பு, தாடை மச்சம் எல்லாம் இருந்தன. அவருக்குப் பின்னால் ஒரு இருட்டு. நிழலாக்கும் என்று அதை விட்டுவிட்டாள். அதைப் பார்க்கிற நிலையிலும் அவள் இல்லை. சுவருக்கு அவர் சுவராகப் போய்விட்டார். வாசலைத் திறந்து வைக்க வந்து நின்ற மனிதரையே கதவாகச் செய்யச் சொல்லி அவள் படித்துக் கொடுத்திருக்கிறாள்.

கிருபாகரனிடம் போய்ச் சொன்னாள். ஒளித்துப் பயனில்லை.

"சரி, அந்தச் சுண்ணாம்பை மருந்து வெச்சுக் கொன்னுடலாமா?"

"கொன்னா சுவரே விழுந்துரும் சார். பழைய காரை இப்ப எங்கயும் இல்ல. எல்லாத்தையும் அது தின்னாச்சு. சுவரும் அதுதான், மாமாவும் அதுதான்."

"வேற உருவம் சொல்லிக் கொடுத்தா?"

"ஒரு தடவைதான் படிக்கும்."

கிருபாகரன், தன் ஆர்வத்துக்குத் தானே வெட்கப்பட்டவர்போல மெதுவாகக் கேட்டார். "முகமும் வருமா?"

புடைப்பு கணுக்காலாகி, முழங்காலாகி வளர வளர லாசரின் சிரிப்பு நின்றது. தொடை வந்தபோது, இனி வயதானவர்கள் இதைத் தாண்ட முடியாது என்று கண்டுகொண்டார். ஒரு காலையில் பழைய நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு கால்களையும் உடைத்தார். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தியதாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

"என் கால நான் ஒடைச்சேன். ஒங்களுக்கு எங்க வலிக்கி?" என்று கேட்டாராம் ஸ்டேஷனில். சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். ஆனால் உடைப்புக்குக் காவல்காரர் ஒருவரைப் போட்டார்கள். உடைந்த இடத்தில் சுண்ணாம்புக்கு வேகம் அதிகம். முன்னைவிடச் சுருக்கில் கால்கள் வந்துவிட்டன.

இடுப்பு வந்த சமயம் லாசர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். பார்க்கப் போன டெல்பினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொகம் வாரதுக்கு முந்தி அத வெட்டிருட்டி. காலு வரைக்கும் அது கல்லுதான். மொகம் வந்துட்டா ஒரு பய கை வைக்க மாட்டான்."

"வெட்டிருதேன் மாமா."

"எவன்ட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத."

அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். லாசரை அடக்கம் செய்த வாரமே அனுமதி கேட்டாள், பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். காவல்காரர் இருந்தார், வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது: மாமாவின் முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவளுக்கு ஆசை. அவளை அது நின்ற இடத்திலேயே கட்டிப்போட்டது.

முகம் வந்தது. அன்று காலை லாசரின் மனைவி செசிலி அத்தையை டெல்பின்தான் கூட்டிக்கொண்டு போனாள். அத்தை முந்தானையால் அந்த முகத்தில் படிந்திருந்த உப்பைத் துடைத்தாள்.

"கோவமா இருக்காவ" என்றாள். "பசி நேரத்துல இப்டித்தான் இருப்பாவ."

அதற்குப்பின் நடந்ததெல்லாம் மாமா சொன்ன மாதிரியே நடந்தது. வேதத்தில் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனின் பேருக்கேத்தபடி லாசரும் எழுந்து வந்துவிட்டார் என்றார்கள். கடலுக்குப் போகிறவர்கள் விடியலில் வந்து அந்தப் பாதத்தைத் தொட்டு, தொட்ட கையை முத்தமிட்டுப் போனார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது, மாலை விழுந்தது. நிறுவனம் மேலே ஒரு விளக்குப் போட்டு, சாப்பாட்டு அட்டையில் 'கிட்டங்கிக் காவலர்' என்று படம் போட்டது. விரித்த கையின் அடியில் சின்ன இடைவெளி இருந்தது. பிறந்த குழந்தைகளை அதன் வழியாகக் கைமாற்றினார்கள். தாத்தா கக்கத்துக்குள்ள போவுது பிள்ளை என்று பூரித்துப் போனார்கள். குழந்தையைத் தவிர வேறு யாரும் அதில் போக முடியாது என்பதை யாரும் யோசிக்க விரும்பவில்லை.

டெல்பின் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னாள். "மழைக்கு முந்தி அத ஒடைச்சாகணும். திரும்ப வளரும்தான். ஆனா இந்த வருஷம் தப்பிச்சிரலாம்."

"ஒன் மாமனத்தான ஒடைக்கச் சொல்லுத?" என்றார் ஒருவர். "அவரு இருந்தப்பம் நீங்க கம்பெனிக்காரவியதான அவரப் போலீசுல புடிச்சுக் குடுத்திய?" என்றாள் ஒருத்தி. கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். செசிலி அத்தையை எல்லாரும் பார்த்தார்கள். அவள், "இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. வடக்கே கரையேறும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் வானம் புன்னைத்துறையின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் முதல் நாளே காரேறிப் போய்விட்டார்கள். ஊர் கிட்டங்கிக்கு வந்தது. கிருபாகரன் தானே தேக்குக் கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே விட்டார்; அவரும் ஊரோடு உள்ளேயே இருந்தார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தேரியில் மணலும் மழையும் ஆளை அறுக்கும் என்பதால் கடல் வரும்வரை உள்ளே இருப்பது, வந்தால் பின்வாசல் வழியாக மேடேறுவது. அதுதான் ஊரின் வழக்கம். பின்வாசல் இருந்த காலத்து வழக்கம்.

நண்பகலில் கடல் கதவைத் தட்டியது. முதலில் அடியில் கசிந்தது, பிறகு கதவு உள்பக்கமாக வளைந்தது. தண்ணீர் முட்டுக்கு ஏறியது. விருந்தினர் அறைகளுக்காகக் கட்டிய மேல்மாடி ஊர்முழுதையும் தாங்காது. பட்டறையிலிருந்து கிருபாகரன் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இடிங்க, இடிங்க! எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்!"

கிளீட்டஸ்தான் ஊரில் பலசாலி. அவன் வாங்கினான். அவர்கள் உள்ளே இருந்ததால் அவனுக்கு முன்னால் அப்பாவின் முதுகுதான் இருந்தது. சம்மட்டியை ஓங்கினான். தலையின் பின்பக்கம், சுழி விழுந்த முடி, காதுக்குப் பின்னால் இருக்கும் பழைய தழும்பு. அவன் கை தானாகத் தாழ்ந்தது.

"என்னால ஆவாது மதினி" என்றான் டெல்பினிடம். அழுதுகொண்டிருந்தான். "நான் போயிக் கதவப் புடிக்கேன். வேற யாராச்சும் அடிங்க."

சம்மட்டி கை மாறியது. விடியல்தோறும் அந்தப் பாதத்தைத் தொட்டு வணங்கிய கைகள் அதை வாங்கிப் பார்த்து அடுத்த கைக்குக் கொடுத்தன. டெல்பினிடம் வந்தது. அது வெறும் சுண்ணாம்பு என்பது அந்த இடத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் குழைத்தது, அவள் படித்துக் கொடுத்தது. மாமாவுக்கு வாக்குக் கொடுத்ததும் அவள்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது, பிள்ளைகள் தோளில் இருந்து அலறின. அவள் சம்மட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாமாவைப் போலவே, அப்படியே நின்றாள்.

செசிலி அத்தை அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏங்க, தள்ளுங்க" என்றாள் முதலில், நிஜமாகவே கேட்பதுபோல. "பிள்ளைங்க போவணும். தள்ளுங்க." பிறகு சம்மட்டியை ஓங்கினாள். "என்னைக்காச்சும் சொன்ன பேச்சக் கேட்டிருக்கீங்களா? வீட்டுக்கு வாங்கன்னா வர மாட்டீங்க, நகருங்கன்னா நகர மாட்டீங்க!" என்று தோளில் இறக்கினாள். ஒரு கை விழுந்தது. மறு கை விழுந்தது. கழுத்தில் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். தலை தண்ணீருக்குள் விழுந்து மறைந்தது. அதன்பிறகு ஆண்களுக்குத் தைரியம் வந்து மிச்சத்தை இடித்தார்கள்.

ஊர் தேரியில் ஏறியது. கடைசி ஆட்கள் வெளியே வரும்போது தேக்குக் கதவு பெயர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் மற்றவர்கள் தூண்களில் மோதித் தப்பினார்கள். கிளீட்டஸைத் திரும்பிய அலை கதவோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. வள்ளம் வள்ளமாகத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. முகம் பார்க்காமலே, வெறும் பெட்டியை வைத்துத்தான் செசிலி அத்தை மகனுக்குப் பூசை கொடுத்தாள். கை கை மாறிச் சம்மட்டி சுற்றிவந்த அந்த நேரம் இருந்திருந்தால் அவன் வந்திருப்பான். இதை ஊரில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்வானேன்?

புயலில் குடித்த உப்பில் கொழுத்து, சுண்ணாம்பு மறுபடி வளர ஆரம்பித்தது. இம்முறை ஊரே ஒன்றுகூடி, வருடாவருடம் மழைக்கு முன் அதை உடைத்தே ஆகவேண்டும் என்று எழுதிக்கொடுத்தது. நிறுவனம் உடனே சம்மதித்தது. சம்மதித்ததோடு நிற்காமல் அதற்கு 'வாசல் திறப்பு' என்று பெயரும் வைத்து, விருந்தினர்கள் பார்க்க மேல்மாடியில் நாற்காலிகள் போட்டது. உடைப்பது யார் என்ற கேள்வி வரவே இல்லை. போன தடவை உடைத்தவள் இருக்கிறாள் அல்லவா?

புரட்டாசி மாதத்து முதல் உடைப்பு நாளில் செசிலி அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கூட டெல்பின். வெளியே தேரிப்பக்கம் மெர்லின் மகளை இறக்கி விட்டுவிட்டு நின்றாள். லாசர் தொடைவரை வளர்ந்திருந்தார். முகம் இல்லாததால் அத்தைக்கு அது சிரமமாக இல்லை. "வருஷா வருஷம் இவியளோட இதே ரோதனை" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நின்று அடித்தாள். கல் சில்லுச் சில்லாகத் தெறித்தது. மேலே போன்கள் படமெடுத்துக்கொண்டிருந்தன.

பாதியில் சம்மட்டி நின்றது.

"டெல்பின், இங்கன என்னமோ கெடக்கு."

லாசரின் கால்களுக்குப் பின்னால், உள்பக்கத் தரையில், புயல்தண்ணீர் நெடுநாள் தேங்கிக் கிடந்த இடத்தில், இரண்டு புதிய புடைப்புகள் முளைத்திருந்தன. இதுவரை அங்கே எதுவும் வளர்ந்ததில்லை. உப்பையெல்லாம் முன்னால் நின்றவர் குடித்துவிட்டிருக்க வேண்டும். அத்தை குனிந்து மேலிருந்த மணலைக் கையால் வழித்தாள். செருப்பணிந்த பாதம். பாதத்தின் மேல் வார். வாரில், விரல் நகம் அளவுக்கு, ஒரு ஊக்கின் வடிவம்.

டெல்பினுக்கு அந்த இருட்டு ஞாபகம் வந்தது. மாமாவின் பின்னால், அவள் நிழல் என்று விட்டுவிட்ட இருட்டு. படபடத்த குடைத்துணியை இயந்திரம் கழித்துவிட்டது. குடை பிடித்தவனைக் கழிக்கவில்லை.

"இந்த ஊக்கு நான் குத்திக் குடுத்தது" என்றாள் செசிலி அத்தை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்மட்டி மடியில் கிடந்தது. மேல்மாடியின் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன, நிறுத்திட்டாங்க?" என்று கிருபாகரன் கேட்டார்.

"இது மொகம் வரைக்கும் வளர எம்புட்டு நாளாவும்ட்டி?"

டெல்பின் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போடாமலே தெரிந்த கணக்குத்தான். "மாமாவ ஒடைச்சாச்சுல்லா, இனி உப்பெல்லாம் இதுக்குத்தான். தை பொறந்துரும் அத்தை. மழை அதுக்கு முந்தி வந்துரும்."

"வரட்டும்."

"அத்தை, இது வளந்தா வாசல்ல ஆளு போக முடியாது. இப்பமே, காலா இருக்கும்போதே…" மாமா சொன்ன வார்த்தைகள்தான் அவள் வாயில் வந்தன. மாமாவுக்கே உதவாத வார்த்தைகள்.

"அவிய மொகத்த நான் பொட்டில வெச்சுப் பாத்தேன். இங்கனயும் பாத்தேன்" என்றாள் அத்தை. "என் பிள்ள மொகத்த ஒரு தடவகூடப் பாக்கல. பாத்துட்டுத் தாரேன்ட்டி. பாத்துட்டு நானே ஒடைச்சிருதேன்."

டெல்பின் கை நீட்டினால் போதும். அத்தையின் மடியிலிருந்து சம்மட்டியை எடுத்துவிடலாம். இரண்டு அடியில் முடிந்துவிடும். அவள் கையை நீட்டவும் செய்தாள். அந்தக் கை சம்மட்டிக்குப் போகாமல் அத்தையின் தோளில் போய்த் தங்கியது.

"சரி அத்தை" என்றாள்.

வெளியே நின்ற மெர்லினின் மகள், பாட்டியைத் தேடி, உடைந்த கால்களின் மேல் ஏறி இறங்கி, வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். செருப்பணிந்த அந்தச் சின்னக் கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு சிரித்தாள். மேலே மாடியில் நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நினைத்து விருந்தினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.